இரண்டாம் சனிக்கிழமைப் படம்

உலக சினிமாவின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: 1972 ஆகஸ்ட் மாதத்து இரண்டாம் சனிக்கிழமைக்கு முந்தியது, பிந்தியது. அதற்கு முன்னால் மனிதன் கேமராவை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்று மாலை நான்கு மணிக்குத்தான் கலை கண் விழித்தது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த ஓட்டலில், வலது கையை உயர்த்தி இதை அறிவித்தவர் கண்ணபிரான். கேட்டுக்கொண்டிருந்தவர் தனராஜ். அதே மேஜையில் இட்லியோடு உட்கார்ந்திருந்த மூன்றாம் ஆள், அந்தக் கையைக் கொஞ்சம் இறக்கினால் சட்னி வாளி இந்தப் பக்கம் வரும் என்று தெலுங்கில் பணிவாகக் கேட்டுக்கொண்டார். கண்ணபிரான் கையை இறக்கினார். சட்னி வந்தது.

கண்ணபிரானுக்குத் தேவஸ்தான அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைக் காக்கிற உத்தியோகம். மீதி நேரத்தில் 'திருப்பதி உயர்சினிமா ரசனைச் சங்கம்' என்பதன் நிறுவனர், தலைவர், செயலாளர். சென்னைக்குப் போய்ப் பதினான்கு அயல்நாட்டுப் படங்கள் பார்த்தவர். அவற்றில் மூன்றை முடிவுவரை. மற்றவை முடிவதற்குள் கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. முடிவு தெரியாத பதினொரு படங்களைப் பற்றித்தான் அவர் அதிகம் பேசுவார்.

தனராஜ் சித்தூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். கலை அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவரிடம் கேமரா இருந்தது. நான்கு வருடங்களுக்கு முன் ஊரைவிட்டே போன அமெரிக்க டாக்டர், தன் சாமான்களைப் பங்கு வைத்தபோது, குளிர்பெட்டியைப் பெரிய டாக்டருக்கும், ஆர்மோனியத்தைச் சபைக்கும், நாயை வாட்ச்மேனுக்கும் கொடுத்தார். சிறிய ஃபிலிம் ஓடும் பதினாறு மில்லிமீட்டர் கேமரா ஒன்று மிஞ்சியது. தனராஜ் படம் எடுக்கிறவர்தானே என்று அவரிடம் கொடுத்துவிட்டார். கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் இருபத்தைந்து விநாடி ஓடும். பிறகு ஸ்பிரிங் தளர்ந்து தானாக நின்றுவிடும்.

கதை கண்ணபிரானுடையது. பஞ்சம் பிடித்த கிராமம். புருஷன் பட்டணம் போய்விடுகிறான். பெண் ஒருத்தி வற்றிய கிணற்றுக்கும் வீட்டுக்குமாகக் குடத்தோடு நடக்கிறாள். நடந்து நடந்து இளைத்துச் சாகிறாள். படத்துக்கு 'குடமும் பிரபஞ்சமும்' என்று பெயர். பிரபஞ்சம் எந்தக் காட்சியில் வருகிறது என்று தனராஜ் ஒருமுறை கேட்டார். எல்லாக் காட்சியிலும் என்று பதில் வந்தது.

காசு இல்லை. ஃபிலிமுக்கு ஒரு வழி இருந்தது: சென்னையில் ஒரு ஃபிலிம் கழுவும் லேபில் வேலை செய்த தனராஜின் சித்தப்பா மகன், யாரோ எடுத்து மிஞ்சிய துண்டு துண்டான நெகட்டிவ் சுருள்களைத் தகர டப்பாவில் அனுப்புவான். கழுவுவதற்கு ஆஸ்பத்திரி இருட்டறையும் எக்ஸ்ரே மருந்தும் இருந்தன. நாள்தான் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தனராஜுக்குக் கோயில் ஆராதனை. மற்ற நாட்களில் இருவருக்கும் ஆபீஸ். மிஞ்சியது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை. அதிலும் ஏகாதசி, அமாவாசை, தகப்பனார் திவசம் வந்தால் கண்ணபிரான் வரமாட்டார். வருடத்துக்கு ஒன்பது நாள் தேறியது. புரட்சி அந்த ஒன்பது நாட்களில் நடக்கவேண்டியிருந்தது.

புருஷன் வேடத்துக்கு ஆஸ்பத்திரி கம்பவுண்டர் நாகபூஷணம் கிடைத்தார். பட்டணத்துக்குப் போய்விடுகிற பாத்திரம் என்பதால் அவருக்கு மூன்றே நாள் வேலை. கதாநாயகியைத் தேடி வெளியே போகவில்லை. தனராஜின் மனைவி தபீதாள் இருந்தாள்.

தபீதாளுக்கு முப்பத்துநான்கு வயது. பிள்ளை இல்லை. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் பதினொரு வருடமாக அவள் சத்திரக்காரன் மனைவி. நிறைமாத மரியாள் வந்து தட்டும்போது கதவைத் திறந்து "இடமில்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவதுதான் முழு வேடமும். மரியாளாகப் போதகர் ஜெபதாஸின் பெண்கள் வயதுவாரியாக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். ஆகையால் புருஷன் வந்து நீதான் கதாநாயகி என்றபோது, அவள் சிரித்து முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என் மூஞ்சி தெரியுமா?"

இந்தக் கேள்வியில் ஒரு சிக்கல் இருந்தது. முகத்தைக் கிட்டே காட்டுவது வணிக சினிமாவின் வியாதி என்பது கண்ணபிரானின் சித்தாந்தம். மனிதன் வானத்துக்கும் பூமிக்கும் நடுவே ஒரு புள்ளி. புள்ளிக்கு மூக்கும் முழியும் எதற்கு என்பார். படம் முழுக்கக் கேமரா நாற்பது அடி தள்ளியே நின்றது. இரண்டு வருடம் கார்வேட்டிநகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொட்டல்காட்டில் தபீதாள் குடத்தோடு நடந்தாள். ஒரு தடவைக்கு இருபத்தைந்து விநாடி. சித்தூரிலிருந்து முதல் பஸ், புத்தூரில் மாறி இன்னொரு பஸ். கூடவே அவள் தங்கை ஞானமணி, தாசில்தார் ஆபீஸில் டைப்பிஸ்ட், எலுமிச்சைச் சாதமும் குடையும் தூக்கிக்கொண்டு வருவாள். கண்ணபிரான் திருப்பதியிலிருந்து தனியாக, தன் தயிர்சாதத்தோடும் தன் தண்ணீர்ச் செம்போடும் வந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மானுடம் ஒன்றென்று பேசுவார்.

பட்டணம் போன புருஷன் அவள் போட்டோவை எரிக்கிற காட்சி ஒன்று. ஏதாவது ஒரு காகிதத்தை எரிக்கலாம், நாற்பது அடியில் யாருக்குத் தெரியும் என்றார் நாகபூஷணம். கண்ணபிரான் அவரை வருத்தத்தோடு பார்த்தார். போலி எரிந்தால் போலியாகத்தான் எரியும். நெருப்புக்குத் தெரியும் என்றார். தனராஜ் வீட்டுச் சுவரிலிருந்து கல்யாணப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்தார். கதைப்படி புருஷன் நாகபூஷணம் அல்லவா, அதில் தனராஜ் நிற்பது பொருந்தாது. கத்தரிக்கோலால் தன் பாதியை வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டார். தபீதாள் பாதி எரிந்தது. நன்றாகவே எரிந்தது. திரையில் அது ஒரு பொட்டுப் புகை.

1974 ஜூன் முதல் தபீதாளுக்கு இருமல். ஜூலையில் ரவிக்கைகள் தொளதொளத்தன. மெலிவு பாத்திரத்தோடு பிரமாதமாக ஒட்டிப் போகிறது என்று கண்ணபிரான் கடிதம் எழுதினார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டதும் தனராஜ் அவளை ஆளில்லாத எக்ஸ்ரே அறைக்குக் கூட்டிப்போய் மார்பைப் படம் எடுத்தார். கழுவி, ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினார். வலது பக்கம் மேலே, ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வளையம். பதினான்கு வருடத்தில் அந்த வளையத்தை அவர் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறார். அவருக்கு டாக்டர் தேவைப்படவில்லை.

"இன்னாங்க, இம்மா நேரமா பாத்துக்கினு இருக்கறீங்க?"

சளி கட்டியிருக்கிறது என்றார்.

"நல்ல படத்த ஒரு தபா வெளிச்சத்துல காட்டிட்டு வச்சிடுவீங்க. கெட்டதத்தான் மொறச்சி பாத்துக்கினே நிப்பீங்க. பன்னெண்டு வருசமா பாக்கறேன்."

பிறகு தனராஜ் உள்ளதைச் சொன்னார். டாக்டரிடம் காட்டினால் அன்றைக்கே மதனபள்ளிப் பக்கம் காசநோய் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்துவிடுவார்கள். ஆறு மாதம், கூடவும் ஆகலாம். பாக்கியிருப்பது இரண்டே நாள் வேலை, செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் ஒன்று. அக்டோபர் கடைசியில் மழை வந்துவிடும். பொட்டல்காடு பச்சையாகிவிடும். பஞ்சத்துக்கு அடுத்த மே மாதம்வரை காத்திருக்கவேண்டும். அதற்குள் மாத்திரையை நாகபூஷணத்திடம் வாங்கித் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னார். இந்தக் காலத்தில் இது சாகிற வியாதியே இல்லை என்றும் சொன்னார். அது உண்மை. ஒழுங்காக வைத்தியம் பார்த்தால்.

தபீதாள் விளக்குப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூஞ்சி எப்ப வரும்?"

"கடைசி ஷாட்டு. காலிக் குடத்த வச்சிட்டு நீ நிமுந்து பாக்கற. மூஞ்சி மட்டுந்தான். ஸ்கிரீன் பூரா."

"கண்ணபிரான் சாமி உட மாட்டாரு."

"சாவி என் கையிலதான இருக்குது."

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். தனராஜ் எக்ஸ்ரேயைப் பழுப்பு உறையில் போட்டுத் தன் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இப்படியாக ஒரு நுரையீரலுக்கும் ஒரு குளோசப்புக்கும் பேரம் முடிந்தது. பேசிய இருவருக்கும் விலை தெரியும். மறுநாளிலிருந்து அவள் வகுப்பில் பிள்ளைகளைவிட்டுத் தள்ளி, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் சொன்னாள். மாத்திரை, நாகபூஷணத்துக்கு ஞாபகம் வந்த நாட்களில் வந்தது.

செப்டம்பரில் படத்தின் உச்சகட்டம். மேல்தெருப் பெரியவர் ஒருவர் தாகத்தால் தவித்து, அந்தப் பெண் கடைசியாகச் சேர்த்த ஒரு வாய்த் தண்ணீரை அவள் குடத்திலேயே உதடு வைத்துக் குடிக்கிறார்; ஆயிரம் வருட அழுக்கு அந்த ஒரு மிடற்றில் கரைகிறது. கார்வேட்டிநகரத்தில் எந்தப் பெரியவரும் கரைக்கச் சம்மதிக்கவில்லை. எழுதியவரே நடிக்கவேண்டியதாயிற்று.

முதல் தடவை கண்ணபிரான் குடத்தை வாங்கி, தலைக்குமேல் தூக்கி, ஒரு முழ உயரத்திலிருந்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பித்தளைக் குடம். நல்ல கனம். தண்ணீர் மூக்கில் ஏறி, காட்சி தும்மலில் முடிந்தது. இரண்டாம் தடவை அதே உயரம், அதே மூக்கு. உதடு படவேண்டும் என்று நீங்கள்தானே சார் எழுதியிருக்கிறீர்கள் என்றார் தனராஜ். மூன்றாம் தடவை கண்ணபிரான் குடத்தை வாய்வரை கொண்டுபோனார். வாய்க்கும் குடத்துக்கும் நடுவே நான்கு விரற்கடை வந்ததும் கழுத்து அதற்குமேல் வளைய மறுத்துவிட்டது.

"சாமி," என்றாள் தபீதாள், இருமலை அடக்கிக்கொண்டு. "படத்துல கூடவா?"

ஞானமணி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். கண்ணபிரான் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்து யோசித்தார். பெரியவரைப் பின்பக்கமாகக் காட்டினால் அர்த்தம் இன்னும் ஆழப்படும் என்று முடிவு சொன்னார். கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, குடத்தை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். ஆயிரம் வருட அழுக்கு அப்படியே இருந்தது. பிற்பாடு அவள் வியாதி விஷயம் தெரிந்தபோது, அன்று தன்னைத் தடுத்தது அந்தராத்மா என்று அவர் பலரிடமும் சொன்னதுண்டு.

அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை காலையிலேயே கிழக்கே மேகம் கட்டியிருந்தது. பஸ் நின்ற இடத்திலிருந்து கிணறு ஒரு மைல். அந்த ஒரு மைலில் தபீதாள் மூன்று தடவை உட்கார்ந்தாள். ஞானமணி குடையைத் தூர எறிந்துவிட்டு வந்து நின்றாள்.

"மாமா, அக்காவுக்கு மூச்சு வாங்குது. இன்னிக்கி வேணாம்."

தனராஜ் அக்காவைப் பார்க்கவில்லை, மேகத்தைப் பார்த்தார். இன்றைக்கு விட்டால் மே மாதம் என்றார். தபீதாள் எழுந்து நடந்தாள். அன்று அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். பஞ்சக் கிராமத்துப் பெண்ணுக்கு அது பொருந்தாது. முகத்துக்குப் பவுடரும் போட்டிருந்தாள். அதுவும் பொருந்தாது. இரண்டையும் யாரும் கவனிக்கவில்லை, கேமரா வழக்கம்போல நாற்பது அடியில் இருந்தது.

முதலில் தள்ளி நின்று ஒரு ஷாட். அவள் கிணற்றுக்குள் கயிற்றை விடவேண்டும், குடத்தை மேலே இழுக்கவேண்டும், உள்ளே எட்டிப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு கேமரா கிட்டே வரும். தனராஜ் சாவியை முழுக்கச் சுற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். கயிறு இறங்கியது. குடம் ஏறியது. தபீதாள் குனிந்து உள்ளே பார்த்தாள். பார்த்தபடியே இரும ஆரம்பித்தாள். குடத்தின் வாய் சிவந்தது. பிறகு வெள்ளைச் சேலையின் முன்பக்கம், மடிவரை. அவள் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நிறுத்தாதீர்," என்று கண்ணபிரான் காதருகே மூச்சுவிட்டார். "இது திரும்பக் கிடைக்காது."

தனராஜ் நிறுத்தவில்லை. பின்னாளில் அவர் இதைப் பற்றி எவ்வளவோ விளக்கம் சொன்னார்: விரல் மரத்துப்போனது, கண்ணாடிக்குள் பார்க்கிறவனுக்கு எல்லாம் படமாகத்தான் தெரியும், இன்னும் சில. ஞானமணி ஓடி வந்து படத்துக்குள் நுழைந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்தாவது விநாடியில் ஸ்பிரிங் தளர்ந்து நின்றது. அதன்பிறகுதான் தனராஜ் அசைந்தார்.

அவர் கிட்டே போனபோது தபீதாள் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அடுத்தது மூஞ்சிதான?"

கேமராவில் இன்னும் அரை நிமிடத்துக்கு ஃபிலிம் இருந்தது. தனராஜின் கை சாவிக்குப் போனதா இல்லையா என்பதில் அங்கே இருந்தவர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. ஞானமணி கேமராவைப் பிடுங்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டாள்.

"மூட்ட கட்டுங்க மாமா. போதும்."

புத்தூருக்கு வருமுன் மழை பிடித்துக்கொண்டது. சித்தூருக்குப் பஸ் இல்லை. திருப்பதிக்கு இருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் கண்ணாடி போட்ட இளம் டாக்டர் ஒருவர், இதற்குமுன் எக்ஸ்ரே எடுத்ததுண்டா என்று தெலுங்கில் கேட்டார். இல்லை என்றார் தனராஜ். கட்டிலிலிருந்து தபீதாள், மெதுவாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்:

"தீசாரு சார். சினிமா அயிபோயினாக சூபிஸ்தானன்னாரு."

எக்ஸ்ரே எடுத்தார், சினிமா முடிந்ததும் காட்டுகிறேன் என்றார் என்று அதற்கு அர்த்தம். டாக்டர் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜுர வேகத்தில் பிதற்றுகிறாள் என்று சீட்டில் எழுதிக்கொண்டார். தனராஜ் அதைத் திருத்தவில்லை.

ஐந்து வாரம் இருந்தாள். நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, படப்பிடிப்புக்குச் சம்பந்தமில்லாத நாளில், இறந்தாள். சித்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். வேதாகமத்தில், செத்துப்போன தபீதாள் என்பவளைப் பேதுரு ஜெபித்து எழுப்பிய அதிகாரத்திலிருந்துதான் போதகர் ஜெபதாஸ் பிரசங்கம் செய்தார். பெயர் அப்படி இருக்கும்போது வேறு வசனம் எடுக்க அவரால் முடியவில்லை. பிரசங்கத்தில் பெரும்பகுதி, இந்தத் தபீதாள் ஏன் எழவில்லை என்பதை விளக்குவதில் போயிற்று.

அடக்கம் முடிந்த வாரமே தனராஜ் கடைசிச் சுருளைக் கழுவினார். ஈரமாக விளக்குப் பெட்டிமேல் போட்டு ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார். எல்லாம் விழுந்திருந்தது. படம் முடிந்தது என்று திருப்பதிக்கு எழுதினார். குளோசப் இல்லை என்பதைச் சொல்ல அவசியமில்லை. அங்கே அது குறையாகத் தெரியாது.

தபீதாளின் முதல் வருட நினைவுக் கூட்டத்தன்று படத்தைச் சபைக் கூடத்தில் போடுவதென்று ஏற்பாடாயிற்று. கேட்டது ஞானமணிதான். அவள் அம்மாவுக்குப் பெண்ணின் முகத்தை ஒருதரம் பார்க்கவேண்டுமாம். வீட்டுச் சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது. மிஷனுக்குச் சொந்தமான பழைய புரொஜெக்டர் கிடைத்தது. பேச்சைப் பதிவு செய்ய வழியில்லாததால், திரைக்குப் பக்கத்தில் நின்று அவரவர் வசனத்தை அவரவர் பேசவேண்டும். அக்காவின் வசனத்தைத் தான் பேசுவதாக ஞானமணி ஒப்புக்கொண்டாள். எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் சொன்னாள்: "இருமல் எழுதியிருக்கற எடத்துல நான் இரும மாட்டேன் மாமா."

நூற்றிருபது பேர் வந்தார்கள். கண்ணபிரான் நாற்பது நிமிடம் பேசினார். சித்தூர் ஜில்லாவின் உண்மை முதன்முறையாக இன்று திரையில் ஏறுகிறது, கண்ணுள்ளவர்கள் காணட்டும் என்று முடித்தார். விளக்கு அணைந்தது. உண்மை திரையில் ஏறியது.

வானம் கறுப்பாக இருந்தது. நடுப்பகல் வெயிலில் எடுத்த படம், அமாவாசை இரவாக விரிந்தது. வேலிமரங்கள் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தன. கட்டுக்கு அடங்காத வெள்ளை மயிரோடும் வெளுத்த உடம்போடும் கறுப்புச் சேலை கட்டிய யாரோ ஒரு துரைசானிக் கிழவி, குடத்தோடு இடமிருந்து வலமாக நடந்து போனாள்.

கழுவின ஃபிலிமில் எல்லாம் தலைகீழாக இருக்கும். கறுப்பு வெளுப்பாகவும் வெளுப்பு கறுப்பாகவும். அதிலிருந்து சென்னையில் இன்னொரு பிரதி போட்டால்தான் பார்க்கத் தக்க படம். இது தனராஜுக்குத் தெரியாததல்ல. ஆனால் எக்ஸ்ரே அறையில் அப்படிப் பிரதி போடுகிற வழக்கம் கிடையாது. கழுவினதுதான் படம். காற்று கறுப்பு, எலும்பு வெள்ளை. டாக்டர், நர்ஸ், வாட்ச்மேன் உட்பட எல்லோரும் அப்படியே வாசிப்பார்கள். பதினைந்து வருடத்தில் அவர் கண் தானாகவே திருப்பிப் போட்டுப் பார்க்கப் பழகிவிட்டது. விளக்குப் பெட்டிமேல் அவர் தபீதாளைத் தபீதாளாகவே பார்த்து வந்தார். மற்றவர்களுக்கு அந்தக் கண் இல்லை என்பது அவருக்குத் தோன்றவேயில்லை.

கண்ணபிரானுக்கு முதல் நிமிடத்திலேயே புரிந்துவிட்டது. இரண்டாம் நிமிடத்தில் எழுந்து, இது வேண்டுமென்றே கையாண்ட உத்தி, பார்வையாளர்கள் இருளுக்குள் ஒளியைத் தேடவேண்டும் என்று அறிவித்தார். பார்வையாளர்கள் தேடினார்கள். காய்ந்து வெளுத்த நிலமெல்லாம் கன்னங்கரேலென்று, நேற்றுத்தான் நல்ல மழை பெய்த மாதிரி குளிர்ந்து கிடந்தது. பஞ்சம் எங்கே என்று யாருக்கும் விளங்கவில்லை. ஞானமணி கையில் தாளை வைத்துக்கொண்டு, வெள்ளைக் கிழவியின் வாய் எப்போது அசைகிறது என்று தெரியாமல் இரண்டு வசனம் பேசினாள். மூன்றாவதைப் பேசவில்லை.

எழுபத்தொரு நிமிடம் ஓடியது. கடைசியில் கிணறு வந்தது. கிழவி குனிந்தாள். வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ குடத்தில் கொட்டியது. கறுப்புச் சேலையின் முன்பக்கம் பளீரென்று வெள்ளையாக வழிந்தது. "பால கக்குது பாரு," என்று பெஞ்சுகளில் யாரோ சொல்ல, பக்கத்தில் சிரிப்பு பரவி, பிறகு அது தபீதாள் டீச்சர் என்று ஞாபகம் வந்து அடங்கியது. ஒரு பேய் குறுக்கே ஓடி வந்தது. அது ஞானமணி. கூடத்தில் இருந்த ஞானமணிக்கே அது தெரியவில்லை.

விளக்கு வந்தது. தபீதாளின் அம்மா, முடிந்துவிட்டதா, தபீதா எப்போது வருவாள் என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். ஞானமணி தனராஜிடம் போனாள்.

"எங்கக்கா எங்க மாமா?"

தனராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"இம்மா நேரம் தெளிவா இருந்தாளேம்மா. பவுடர் கூட தெரிஞ்சிதே."

அந்தக் கூடத்தில் எழுபத்தொரு நிமிடமும் தபீதாளைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான்.

மறுவாரம் ஞானமணி, சுவரில் மாட்ட ஒரு போட்டோவாவது வேண்டும் என்று அலைந்தாள். படத்துச் சுருளைச் சித்தூரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு எடுத்துப் போனாள். நாற்பது அடியிலிருந்து எடுத்த முகம் கடுகில் பாதி இருந்தது. பெரிதாக்கினால் பெரிய புள்ளியாக வந்தது. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் தபீதாள் யாரோ ஒரு பிள்ளையை அடக்கத் திரும்பியிருந்தாள். கலங்கிய ஒரு கொண்டை மட்டும் விழுந்திருந்தது. கல்யாணப் போட்டோவில் எரியாத பாதி பத்திரமாக இருந்தது. அதில் தனராஜ் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார். முழங்கைமேல் ஒரு பெண்ணின் நான்கு விரல்கள்.

திருப்பதி உயர்சினிமா ரசனைச் சங்கத்தின் ஆண்டு மலரில் கண்ணபிரான் 'எதிர்நிற அழகியல்: ஒரு தொடக்கம்' என்று ஆறு பக்கக் கட்டுரை எழுதினார். அதில் தபீதாள் பெயர் அடிக்குறிப்பில், நாகபூஷணத்துக்கு அடுத்து வருகிறது.

கடைசியில் தனராஜ் மேஜை இழுப்பறையைத் திறந்து, பழுப்பு உறையை ஞானமணியிடம் கொடுத்தார். ஆகஸ்ட் மாதத்து எக்ஸ்ரே. தபீதாளை அவர் எடுத்ததிலேயே சுத்தமான படம் அதுதான். ஓரத்தில் பெயர், வயது, தேதி எல்லாம் வெள்ளை எழுத்தில் இருந்தன. ஞானமணி அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மார்பு எக்ஸ்ரேயில் தலை வராது.